எஞ்சினீயர் படிப்பும் எண்ணெய் படாத கையும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் காலம் வந்துவிட்டால், பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு ஜில்லாக்களிலும், டீக்கடையிலும் பஸ்ஸிலும் களத்துமேட்டிலும் ஒரே பேச்சுத்தான். "எந்தக் காலேஜ்? எந்தப் பிரிவு?" என்பதே அந்தப் பேச்சு. தகப்பனார் பிள்ளையின் மார்க்குச் சீட்டை ஒரு கையிலும், ஜாதகத்தை மற்றொரு கையிலும் எடுத்துக்கொண்டு முதலில் போவது ஜோசியர் வீட்டுக்கு. அடுத்தாற்போல் போவது தரகர் வீட்டுக்கு. ஜோசியர் கிரகத்தைப் பார்த்துப் பிரிவைச் சொல்லுகிறார். தரகர் தமக்கு எந்தக் கல்லூரி அதிகக் கமிஷன் கொடுக்கிறதோ அந்தக் கல்லூரியைச் சொல்லுகிறார். பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது, எதில் புத்தி செல்லுகிறது என்று அந்தப் பிள்ளையைக் கேட்பவர் மாத்திரம் ஒருவருமில்லை. இந்த லட்சணத்தில் காணியை அடகு வைத்தும், தாலியை விற்றும் பணம் கட்டி, நான்கு வருஷம் கழித்து ஒரு பட்டக் காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, "வேலை கிடைக்கவில்லையே, எல்லாம் தலைவிதி" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பல இருப்பதைக் கண்ணால் காண்கிறோம்.

ஆகவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட ஆசைப்படுகிறோம். கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யும் செய்முறைத் தொழில்நுட்பப் படிப்பு, அது ஐ.டி.ஐ. ஆனாலும், பாலிடெக்னிக் டிப்ளமோ ஆனாலும், பி.இ. ஆனாலும், நம் பிள்ளைகளுக்கு இழிவானதல்ல. நம் ஜில்லாக்களுக்கு இன்று மிகவும் வேண்டியது அதுவே. அதை இழிவென்று நினைக்கும்படி நம்மைச் செய்துவைத்திருப்பது நமது அறிவு அல்ல, ஜாதியின் மிச்சமேயாகும்.

முதலில் நாம் நிற்கும் மண்ணைக் கவனிப்போம். 1995-ல் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து பிரிந்து, ஒரு தடவை திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடியும் தனியானது அரியலூர். இந்த நிலப்பரப்பில் ஒரு பெரும் பாகம் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாய் இருந்தது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கல்லாய் மாறிக் கிடக்கும் மரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம் சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1940-ல் அதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் பூகர்ப்ப சாஸ்திரியான எம்.எஸ். கிருஷ்ணன் ஆவார். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று சர்க்காருடைய சிமெண்டு ஆலையும், பல தனியார் ஆலைகளும் அரியலூர் ஜில்லாவில் இருந்து வருவதற்குக் காரணம். பெரம்பலூர்ப் பக்கத்தில் நாரணமங்கலத்தில் மோட்டார் டயர் செய்யும் ஆலை இருக்கிறது. எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதே எறையூர் தொழிற்பேட்டையில் 2023 நவம்பரில் காலணிப் பூங்கா திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்திலும் ஒரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

நிற்க, சிமெண்டு எப்படி உண்டாகிறது? கல்லை உடைத்து, களிமண் முதலியவற்றுடன் சேர்த்து மாவாக அரைத்து, சாய்வாய்ச் சுழலும் நீண்ட உருளைச் சூளையில் சுமார் 1450 டிகிரி சூட்டில் வேகவைத்து, வெளிவரும் கட்டியைக் கொஞ்சம் ஜிப்சத்துடன் மறுபடியும் அரைத்தால் அதுதான் சிமெண்டு. இதில் கல்லின் தன்மையை அறிய ரசாயனம் வேண்டும். சூளையைச் சுழற்ற மோட்டாரும் மின்சாரமும் வேண்டும். சூட்டை அளந்து கட்டுக்குள் வைக்கக் கருவியும் கம்ப்யூட்டரும் வேண்டும். புகையையும் தூசியையும் பிடித்து நிறுத்த வடிகட்டி வேண்டும். இவ்வளவும் செய்முறை எஞ்சினீயரிங் சங்கதியேயாகும். இதைக் கண்டுபிடித்தது யார்? மந்திரம் சொன்னவரா? இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செங்கல் அடுக்கிச் சுவர் கட்டிப் பிழைத்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஒரு கொத்தனாரே 1824-ல் 'போர்ட்லண்டு சிமெண்டு' என்ற பெயரால் காப்புரிமை பெற்றார். பிறகு பலர் அதைத் திருத்தி மேலாக்கினார்கள். கரணை பிடித்த கையிலிருந்துதான் இன்று உலகத்து மாளிகைகளும் அணைகளும் எழும்பி நிற்கின்றன.

நம் நாட்டுக் கொத்தனாருக்கு ஏன் அந்த யோக்கியதை வாய்க்கவில்லை? அவனுக்கு மூளை இல்லையா? கரணை பிடிப்பவன் எழுத்தைத் தொடக்கூடாது, எழுத்தைத் தொடுபவன் கரணையைத் தொடமாட்டான் என்று சுவர் எழுப்பி வைத்தார்கள். தச்சன், கொல்லன், குயவன், கொத்தன், சக்கிலியன் என்று எவனெவன் ஒரு பொருளைச் செய்து கொடுத்தானோ அவனவன் கீழ் ஜாதி. எதையும் செய்யாமல் செய்தவற்றையெல்லாம் அனுபவித்தவன் மேல் ஜாதி. கைக்குத் தெரிந்தது மூளைக்குப் போகவில்லை. மூளைக்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை. தேசத்தில் இயந்திரம் பிறக்காமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

செருப்பு விஷயத்தையே பாருங்கள். செருப்புத் தைத்தவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட ஜாதியான் காலில் செருப்புப் போட்டு மேல் ஜாதித் தெருவில் நடக்கக்கூடாது என்றார்கள். இன்று அதே காலணித் தொழிலுக்கு ஆயிரக் கணக்கான கோடி மூலதனம் வருகிறது. மந்திரிகள் வந்து ரிப்பன் வெட்டுகிறார்கள். எல்லா ஜாதியாரும் "எங்கள் பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை" என்று விண்ணப்பம் எழுதுகிறார்கள். சந்தோஷமே! ஆனால் ஒன்று கேட்கிறோம். வேலை இழிவாயிருந்ததா, வேலை செய்தவனை இழிவுபடுத்தியது இழிவாயிருந்ததா? இப்பொழுதாவது ஊர் யோசிக்கட்டும்.

இந்தப் படிப்பின் வாசல் நமக்குச் சுலபமாய்த் திறந்ததல்ல. சென்னையில் 1794-ல் நில அளவைப் பள்ளியாய்த் தொடங்கிய கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி ஆசியாவிலேயே பழைமையானவற்றில் ஒன்று. ஆனால் 1950-ல் கூட அன்றைய சென்னை ராஜ்யம் முழுவதிலும் சர்க்கார் எஞ்சினீயரிங் கல்லூரிகள் நான்கே. அவற்றில் இருந்த மொத்த இடம் 395 தான். அந்தச் சொற்ப இடத்தையும் எல்லா வகுப்பாருக்கும் பங்கிட்டுக் கொடுத்த வகுப்புவாரி உத்தரவின்படி 14 இடத்தில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று இருந்தது. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வைத்தியக் கல்லூரிக்காகப் போட்ட வழக்கைப் பலரும் அறிவர். அதனோடு சேர்ந்து நடந்த சி.ஆர். சீனிவாசன் வழக்கு எஞ்சினீயரிங் கல்லூரி இடத்துக்காகவே போடப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே வருஷத்தில் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. அதன் பிறகு 2006-ல் இயற்றிய சட்டத்தால் எஞ்சினீயரிங் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2021-ல் வந்த சட்டத்தால் ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு எஞ்சினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகிதம் ஒதுக்கப்பட்டது. அப்படிச் சேருகிறவர்களின் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் பலர் பாடுபட்டதனால் வந்தவை.

இவ்வளவு சிரமப்பட்டுத் திறந்த வாசலுக்குள் நுழைந்த நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இப்போதைய கேள்வி. மெக்கானிக்கல் படித்தவன் திருகுமறையை ஏன் வலப்பக்கம் சுழற்றுகிறோம் என்று கேட்டால் விழிக்கிறான். எலக்ட்ரிக்கல் பட்டதாரி வீட்டில் பியூஸ் போனால் வயர்மேனைக் கூப்பிட்டனுப்புகிறான். பரிசோதனை செய்யாமலே சென்ற வருஷத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி மார்க்கு வாங்குகிற வழக்கம் பல இடங்களில் இருந்து வருகிறது. பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தணிக்கைக்கு வருகிற அன்று மாத்திரம் திறந்து துடைத்துக் காட்டும் கல்லூரிகளும் உண்டு. இப்படி வாங்கிய பட்டத்துக்கும் பூணூலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். இரண்டும் உடம்பின்மேல் மாட்டிக்கொள்ளும் உயர்வே தவிர, கையில் உள்ள திறமையல்லவே!

மற்றும், டிப்ளமோ படித்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பதும், ஐ.டி.ஐ. படித்தவனை "படிப்பு ஏறாதவன்" என்பதும், எல்லாரும் கம்ப்யூட்டர் பிரிவுக்கே முண்டியடிப்பதும் அதே நோய்தான். கம்ப்யூட்டர் படிப்பை நாம் குறை சொல்லவில்லை. வெயில் படாத அறையில் உட்கார்ந்து வேலை செய்தால் மேன்மை, சூளைப் பக்கம் நின்றால் தாழ்மை என்ற எண்ணத்தையே குறை சொல்லுகிறோம். இன்று லேத்தும் கம்ப்யூட்டரால் ஓடுகிறது. சூளையும் கம்ப்யூட்டரால் ஓடுகிறது. இயந்திரத்தைத் தொட்டறிந்தவன் கம்ப்யூட்டரையும் படித்தால் அவனுக்கு இணை ஏது?

இங்கே ஒரு ஆட்சேபணை கிளம்பும். "1953-ல் ராஜாஜி, பிள்ளைகள் அரை நாள் படித்துவிட்டு மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார், அதைக் குலக்கல்வி என்று எதிர்த்து 1954-ல் ஒழித்தீர்கள். இன்று நீங்களே கைத்தொழிலைப் படி என்கிறீர்களே?" என்பார்கள். தோழர்களே, வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. குலக்கல்வி, தகப்பன் தொழிலை மகனுக்குக் கட்டிவைப்பது. அதில் பிள்ளைக்கு இஷ்டமும் கிடையாது, விஞ்ஞானமும் கிடையாது. நாம் சொல்லும் படிப்போ, சக்கிலியன் மகன் மின்சாரத்தையும், பார்ப்பனர் மகன் செருப்பு அச்சையும், குயவன் மகள் பாலத்தையும் தன் இஷ்டப்படி விஞ்ஞான முறையில் கற்பது. முன்னது ஜாதியைக் காப்பாற்றுவது. பின்னது ஜாதியைக் கலைப்பது.

இது வெறும் வயிற்றுப்பாட்டு விஷயம் மாத்திரமல்ல, உயிர் விஷயமுமாகும். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். "விதி முடிந்தது, போனார்கள்" என்று சொல்லிக் கர்மாந்திரம் செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்களைக் கொன்றது விதியா? பெருமழையில் வந்த வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டது. அரித்த இடத்தின்மேல் ரயில் ஏறியது. வெள்ளம் எவ்வளவு வரும், மண்ணை எவ்வளவு ஆழம் அரிக்கும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகவேண்டும், மழைக்காலத்தில் யார் போய்ப் பார்க்கவேண்டும் என்று கணக்கிட்டுக் காரியம் செய்வதற்குத்தான் எஞ்சினீயரிங் என்று பெயர். விதியை நம்புகிறவன் அடுத்த பாலத்தையும் இழப்பான். கணக்கை நம்புகிறவன் அடுத்த ரயிலைக் காப்பாற்றுவான். இந்த அரியலூர் மண்ணில் எஞ்சினீயர் படிப்பைத் தொடங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பாடமாய் மருதையாற்றைச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது நம் ஆசை.

பெண்கள் விஷயத்தையும் விட்டுவிடுவதற்கில்லை. "பெண்ணுக்கு எதற்கு ஸ்பானரும் சுத்தியும்?" என்று கேட்கும் தாய்மார் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். லலிதா என்னும் அம்மையாருக்கு 15 வயதில் கலியாணம் ஆயிற்று. 18 வயதில் கைக்குழந்தையுடன் விதவையானார். வழக்கப்படி மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அவரோ, தகப்பனார் துணை நிற்க, கிண்டிக் கல்லூரியில் மின்சார எஞ்சினீயரிங் படித்து 1940-களில் பட்டம் பெற்றார். அச்சடித்திருந்த பட்டத்தில் 'அவன்' என்றிருந்ததை அடித்து 'அவள்' என்று கையால் எழுதவேண்டியிருந்ததாம்! பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தும் கம்பி வேலையிலும் அவர் பங்கு கொண்டார். பின்னர் 1988-ல் நம் பக்கத்து வல்லத்தில் பெண்களுக்கென்றே எஞ்சினீயரிங் கல்லூரி ஏற்பட்டது. இன்று சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் எதில் சேர்ந்தாலும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 முதல் நடந்து வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் 2024-ல் அதே மாதிரி ஏற்பட்டது. இனி சாக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே படிக்க வழி செய்தது. 2023 மே மாதத்தில், சேருவோர் குறைவு என்று 11 உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்தப்போவதாய் அறிவித்து, கண்டனம் எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நிறுத்தாதது நல்லதே. ஆனால் சேருவோர் ஏன் குறைந்தார்கள்? தமிழில் படித்தவனுக்கு வேலை கொடுப்போர் மதிப்புக் கொடுக்கவில்லை. தமிழில் நல்ல புஸ்தகங்கள் போதவில்லை. இவ்விரண்டையும் சரிசெய்யாமல் வகுப்பை மாத்திரம் நடத்துவது பயனற்ற சடங்காகவே முடியும்.

இனிப் பெற்றோர்களுக்கு வழியைச் சொல்லுகிறோம். பத்தாம் வகுப்பு முடித்தவன் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. படித்தால், பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ. என்பது முட்டுச்சந்து அல்ல. ஏணியின் முதல் படி. சர்க்கார் 71 ஐ.டி.ஐ.களைப் புதுக் கருவிகளுடன் திருத்தியமைக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டதும் 2022-லேயே நடந்தது. இரண்டு ஜில்லாக்களிலும் ஐ.டி.ஐ.யும் எஞ்சினீயரிங் கல்லூரிகளும் இருக்கின்றன. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டிடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்காதீர்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தில் புது எண்ணெய் இருக்கிறதா, பழைய தூசி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளை கையால் வேலை செய்வான், எந்த ஆலைக்கு எத்தனை நாள் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளைத் தனியே விசாரியுங்கள். இதற்கு ஜோசியரும் வேண்டாம், தரகரும் வேண்டாம்.

அதே சமயத்தில் ஏமாற்றவும் நாம் விரும்பவில்லை. செய்முறைப் படிப்புப் படித்தவனுக்கெல்லாம் மறுநாளே உத்தியோகம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, தொழிலைச் சொல்லிக் கொடுக்காமல் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்று வேலை வாங்குவது எங்கு நடந்தாலும் அது மோசடியே. நம் ஊர் மண்ணைத் தோண்டி எடுக்கும் ஆலைகள், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லாரியில் மூட்டை ஏற்றும் வேலையை மாத்திரம் விட்டுவைத்தால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. உங்கள் கிராமத்திலிருந்து எத்தனை பேர் சூளையின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வாயிற்காவலில் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு, ஆலைக்காரரையும் சர்க்காரையும் பயிற்சிக் கூடம் கேளுங்கள். கேட்பதற்குத் தகுதியாகப் பிள்ளைகளையும் தயார் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரம்பலூரில் சின்ன வெங்காயம் விளைகிறது. அதைக் காற்றோட்டமாய்ச் சேமித்துவைக்கக் குடியானவன் கட்டும் கொட்டகைக்குப் பட்டறை என்று பெயர். விலை இறங்கும்போது அதில் வைத்து, ஏறும்போது எடுத்து விற்பான். மழை ஈரம் ஏறினால் அழுகிப்போகும். ஈரத்தை அளந்து, காற்றை உள்ளே செலுத்தி, அழுகாமல் காக்கும் ஒரு மலிவான பட்டறையை எஞ்சினீயர் படித்த நம்மூர்ப் பிள்ளை ஒருவன் செய்து கொடுத்தால், அவன் தகப்பன் பட்ட கடன் மாத்திரமல்ல, ஊர்க் கடனே தீரும். அதற்குக் கம்பெனி உத்தரவு வரவேண்டியதில்லை. கையும் புத்தியும் இருந்தால் போதும்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை தின்றுவிட்டு, அன்று அவற்றைத் தொடக்கூடாது என்கிறோம். கருவிக்கு வேண்டியது குங்குமம் அல்ல, எண்ணெய். பூஜை அல்ல, அதைப் பிடிக்கத் தெரிந்த கை. இவ்வருஷம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தோழர்கள் ஜாதகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்களாக. படித்துத் திரும்பும் பிள்ளையிடம் பட்டத்தைக் காட்டச் சொல்வதற்கு முன், கையைக் காட்டச் சொல்வார்களாக.